4 டிபி டிஸ்க் போட்டால் சர்வர் 3.63 காட்டுகிறது, அதிலும் 2 டிபிக்கு மேல் வால்யூம் போட முடியவில்லை. ஏன்?

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இது இரண்டு தனித்தனி விஷயம். பாண்டியில் சின்ன ஆபீஸ்களுக்கு சர்வர் பார்த்துக்கொடுக்கிற நானே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஒருமுறை நல்ல டிஸ்க்கைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறேன்.

3.63-ல் எதுவும் தொலையவில்லை. டிஸ்க் கம்பெனிக்கு டெராபைட் என்றால் ஒன்றுக்குப் பின்னால் 12 சைபர். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024-ஆல் நான்கு தடவை வகுத்துவிட்டு அதற்கும் டிபி என்றே பெயர் போடுகிறது. இந்த 1024 கணக்குக்கு 1998-லேயே டெபிபைட் என்று தனிப்பெயர் வைத்தும் விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை. நம்ம பக்கம் ஒரு காணி என்று சொல்கிற நிலம் இன்னொரு கணக்கில் 1.32 ஏக்கர், அவ்வளவுதான். லினக்ஸில் டிஸ்க் இடத்தைக் காட்டுகிற டிஎஃப் கமாண்டுக்குச் சின்ன எச் போட்டால் 1024 கணக்கு, பெரிய எச் போட்டால் 1000 கணக்கு.

சரி, 2 டிபி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், பேக்கப்புக்குப் புது 4 டிபி டிஸ்க். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 2048.00 ஜிபி ஒரு துண்டு, 1678.02 ஜிபி இன்னொரு துண்டு. இரண்டாவதில் ரைட் கிளிக் செய்தால் 'நியூ சிம்பிள் வால்யூம்' மங்கிப்போய்க் கிடக்கிறது. ஆடிட்டர் பின்னால் நின்றுகொண்டு, "என்னப்பா, பாதிதான் வேலை செய்யுதா?" என்கிறார். டிஸ்க் ஃபால்ட் சார் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரர் டிஸ்க்கைக் கையில்கூட வாங்கவில்லை. "எம்பிஆர்ல போட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

எம்பிஆர் பழைய பார்ட்டிஷன் முறை, அதாவது டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறோம் என்று டிஸ்க்கிலேயே குறித்துவைக்கிற முறை. செக்டர் என்பது டிஸ்க்கில் எண் போட்ட சின்னத் துண்டு; அந்த எண்ணை எழுத எம்பிஆரில் 32 பிட்தான் இடம், அதாவது சுமார் 429 கோடி செக்டர். செக்டருக்கு 512 பைட் என்றால் சரியாக 1024 கணக்கில் 2 டிபி, அதற்கு மேல் இருக்கிற இடத்துக்கு முகவரியே கிடையாது. புது பார்ட்டிஷன் முறையான ஜிபிடியில் 64 பிட், அந்தத் தொல்லை இல்லை. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எம்பிஆரை ஜிபிடியாக மாற்ற டிஸ்க் காலியாக இருக்க வேண்டும், அதனால் டேட்டாவை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டுத்தான் கை வையுங்கள். அப்புறம் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸையே பூட் செய்வதென்றால் மதர்போர்டில் பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ வேண்டும், வெறும் டேட்டா டிஸ்க்குக்கு வேண்டாம்.

பின்னால் ரெய்டில் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பது) பெரிய வால்யூம் போடுகிற எண்ணம் இருந்தால் இதையும் இப்போதே பாருங்கள். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் இடத்தைக் க்ளஸ்டர் என்கிற துண்டுகளாக எண்ணுகிறது; வழக்கமான 4 கேபி க்ளஸ்டரோடு ஃபார்மேட் செய்தால் அதே 429 கோடி கணக்கு மறுபடி வந்து 16 டிபியில் நின்றுவிடும், 64 கேபி என்றால் 256 டிபி வரை போகும்.

உங்கள் டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பக்கத்தில் 'பார்ட்டிஷன் ஸ்டைல்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே எம்பிஆர் என்றிருந்தால் கடைக்குப் போக வேண்டாம்.