மடி இளகிவிட்டது, ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: பர்மாவில் பெகுவுக்கு அருகே பயாஜியில் மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கன்று ஈன்று ஒரு மாதமான கலப்பினப் பசுவுக்கு மடியில் பின்புற இடப்பக்கம் கல் போல் வீங்கி, பால் திரி திரியாக வந்தது. டவுன்ஷிப் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, ஐந்து நாள் பென்சிலின் ஊசி போடச் சீட்டு எழுதினார். இரண்டு நாளிலேயே வீக்கம் வடிந்துவிட்டதால் நிறுத்திவிட்டேன். மீதி மருந்து அடுத்த மாட்டுக்கு ஆகுமே என்று வைத்திருக்கிறேன். அந்தப் பசுவின் பாலில் உறை ஊற்றினால் தயிர் உறையவில்லை. டீக்கடையில் காய்ச்சித்தானே விற்கிறார்கள், அங்கே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக்கூடாது, அம்மா. ஏன் என்று உங்கள் தயிர்ப் பானையே காட்டிவிட்டது. பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்தான். ஊசியில் போன பென்சிலின் பாலில் இறங்கி அதையும் கொன்றிருக்க வேண்டும். அடுப்பில் எவ்வளவு பொங்கவிட்டாலும் அது முழுதாக அழியாது. பென்சிலின் ஒவ்வாதவர் அந்தப் பாலில் போட்ட டீயைக் குடித்தால் உடம்பெல்லாம் தடிக்கலாம், மூச்சும் திணறலாம். அதற்காக, தயிர் உறைந்த நாளிலிருந்து பால் சுத்தம் என்றும் கணக்குப் போடாதீர்கள். உறைவதைத் தடுக்காத சிறு அளவும் இருக்கும். மருந்துக் குப்பியில் பால் விலக்கு நாட்கள் என்று அச்சிட்டிருப்பார்கள், மருத்துவரும் சொல்வார். கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல. அதுவரை நான்கு காம்புப் பாலும் விலக்குதான். ஊசி மருந்து ரத்தத்தோடு மடி முழுவதும் போய்விடுகிறது. மற்ற இரண்டு மாடுகளின் பாலோடு கலந்தால் கேன் முழுவதும் கெட்டது.

இனி, நிறுத்திய விஷயம். வீக்கம் வடிவதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல. மருந்து பட்டதும் முதலில் சாவது பலவீனமான கிருமிகள்; மடி இளகுவது அதனால்தான். மிஞ்சுவது முரட்டுக் கிருமி. அதிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையாக இருந்தால் மடித் தசைக்குள் சிறு சிறு கட்டியாக ஒளிந்துகொண்டு, சில வாரங்களில் மறுபடி கிளம்பும். அப்போது அதே பென்சிலின் வேலை செய்யாமல் போகலாம். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் அரைகுறை அளவு ஆபத்து என்று எச்சரித்தார். ஆனாலும் விட்ட இடத்திலிருந்து நீங்களே ஊசியைத் தொடராதீர்கள். இன்றே மருத்துவரிடம், 'இரண்டு நாளில் நிறுத்திவிட்டேன்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதே மருந்தா, பாலைச் சோதித்து வேறு மருந்தா என்று அவர் முடிவு செய்யட்டும். பால் தண்ணீராக மஞ்சளித்து, மாடு தீனி எடுக்காமல், காது சில்லிட்டு நின்றால் அன்றே அழையுங்கள். அது பெரும்பாலும் ஈ-கோலை என்ற வேறு வகைக் கிருமியின் வேலை. பென்சிலின் அதற்கு எடுபடாது.

மீதி மருந்தை அடுத்த மாட்டுக்கு ஒதுக்குவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம். அடுத்த மாட்டுக்கு வருவது அதே நோய் என்று யார் சொன்னார்கள்? ஊசி குத்தித் திறந்த குப்பி, மின்சாரம் வந்து வந்து போகும் வீட்டில் பல வாரம் கிடந்தால் மருந்தின் வீரியமும் போய்விடும். அளவு வேறு மாட்டுக்கு மாடு மாறும். கண்ணால் பார்த்து "150 வீசை தேறும்" என்பார்கள். கயிற்றால் அளந்து பாருங்கள்: முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவு 160 செ.மீ., தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம் 135 செ.மீ. என்றால், 160ஐ 160ஆல் பெருக்கி, 135ஆல் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் சுமார் 320 கிலோ, அதாவது பர்மா வீசைக் கணக்கில் 195 வீசை. கண்மதிப்பில் போட்டிருந்தால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மருந்து குறைந்திருக்கும்.

மருத்துவர் சொன்ன ஊசியை நீங்களே போடுவதானால், பால் போல் வெள்ளையாக இருக்கும் புரோகெய்ன் பென்சிலினை நன்றாகக் குலுக்கி, கழுத்துத் தசையில் குத்தி, உந்துதண்டைச் சற்றுப் பின்னிழுங்கள். ரத்தம் வந்தால் இடத்தை மாற்றுங்கள், அது ரத்தக்குழாய்க்குள் போகக்கூடாத மருந்து. போட்டபின் அரை மணி நேரம் மாட்டை விட்டு நகராதீர்கள். மனிதர் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தவிட்டில் கலந்து வைப்பவர்களும் உண்டு. வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் தீனியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதனால் செத்து, மாடு அசைபோடுவதையே நிறுத்திவிடும்.

விலக்கிய பாலைக் கன்றுக்கு வைக்காதீர்கள். அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். கிணறு, குளத்துக்குத் தள்ளி குழி வெட்டி ஊற்றி மூடுங்கள்.

நோய்ப்பட்ட பசுவைக் கடைசியில் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூன்று மாடுகளுக்கும் கறக்கும் முன் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரி இருப்பது உடனே தெரியும். கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி, வைக்கோல் போட்டு விடுங்கள். காம்புத் துளை மூடும்வரை அரை மணியாவது மாடு நின்று தின்னட்டும். மழைக்காலத்துச் சேற்றுக் கொட்டகையில் உடனே படுத்தால் கிருமி நேராக உள்ளே ஏறிவிடும்.