கேளுங்கள் அக்காவிடம்: ஓஷின் அழுதபோது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி: அக்கா, எண்பதுகளில் ரூபவாஹினியில் ‘ஓஷின்’ என்ற ஜப்பானியத் தொடர் பார்த்து எங்கள் வீடே அழுதது. இப்போது ரீவியில் மாமியாரும் மருமகளும் தினமும் அழுகிறார்கள், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருவதில்லை. மனம் இறுகிவிட்டதா?

இல்லைத் தங்கச்சி. ஓஷினுக்கு எதற்காக அழுதோம் என்று நினைத்துப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு மூடை அரிசிக்காக ஒரு வருட வேலைக்குப் போகிறாள். பனிக்காலத்து மொகாமி ஆற்றில் தெப்பம் நகர, அனுப்பிவைத்த அப்பாவே கரையோரமாக ஓடி வருகிறார். வீட்டில் முள்ளங்கி கலந்து பெருக்கிய சோறு. அந்தப் பசிக்கு ஓர் அளவு இருந்தது, விலை இருந்தது. இன்றைய தொடர்களில் அழுகிற பெண் என்ன வேலை செய்கிறாள், அவள் வீட்டு அரிசி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பிறகெப்படி அழுவது?

நாங்கள் வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டு அன்ரியின் ரீவியில்தான் பார்த்தோம். அம்மம்மா திரையோடு பேசுவார். “அந்தப் பிள்ளைக்கு ஒரு துணியாவது போத்தி விடுங்கோவன்” என்பார். தெப்பக் காட்சி போன அன்று மட்டும் வாயே திறக்கவில்லை. இரவு, அம்மா பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “என்னையும் இப்பிடித்தான் அனுப்பினவை.”

ஒன்பது வயதில், கொழும்பில் கடை வைத்திருந்த உறவினர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் புங்குடுதீவிலிருந்து வள்ளம் ஏறியிருக்கிறார். “ஐயா துறையில நிண்டவர். சால்வையால முகத்தைத் துடைச்சதை நான் கண்டனான்.” அம்மாவுக்கே அது புதுக்கதை. பிட்டுக் குழலை இறக்க மறந்து நின்றார்.

தொடரே அப்படித்தானே தொடங்குகிறது? வீட்டை விட்டுக் கிளம்பிப் போன கிழவி ஓஷின், தேடி வந்த பேரன் கேயிடம் தன் கதையைச் சொல்கிறாள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண். 1983 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம், கால் மணி நேரமாக 297 பகுதிகள். ஜப்பானில் சராசரி 52.6 வீதமான வீடுகள் பார்த்தன. எங்கள் வீட்டில் அது அம்மம்மாவின் வாயைத் திறந்தது. அதற்காகவே அந்த எழுத்தாளரை நான் கும்பிடுவேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்: ஓஷினாக நடித்த மூவரில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

எல்லோரும் சிறுமி அயாகோ கொபயாஷியைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் வருவது முதல் 36 பகுதிகளுக்குள்தான். முதிய ஓஷின், நொபுகோ ஒத்தோவா. எனக்கு, இடையில் இளம் ஓஷினாக வரும் யூகோ தனாகா. கதையின் பெரும் பாரத்தைச் சுமந்தவர் அவர்தான்: தோக்கியோவில் தலைமுடி அலங்காரம் பழகுவாள், பிறகு ஈசேயில் வீடு வீடாக மீன் விற்பாள். விலை சொல்லும்போது குரல் தாழாது.

அம்மா அப்போது அயலுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து வந்தார். கூலி கேட்க மட்டும் கூச்சம். “பிறகு பாப்பம்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். மீன் விற்ற பகுதிகள் போன நாட்களில்தான் ஒரு கொப்பி வாங்கி, பெயர் போட்டு எழுதி, கேட்டு வாங்கத் தொடங்கினார். அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. முதல் வரி: 2 சட்டை, 30 ரூபா. பக்கத்தில் சிவப்பு மையில், ‘தந்தாச்சு’.