கம்பெனி ஷிப்ட் வேலையோடு குரூப் 4 படித்து ஜெயிக்க முடியுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூர் கம்பெனிக்குப் போகிறீர்கள், வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறது, வேலையை விட்டுவிட்டு, அரசு வேலைக்காக டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். போட்டி கடுமையானது, சம்பளம் நின்றால் வீட்டு நெருக்கடியே படிப்பைக் கெடுத்துவிடும்.

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் சரிபாதி தமிழ். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் பள்ளித் தமிழ்ப் புத்தகங்கள்தான் முதலில். டெலிகிராமில் வருகிற பிடிஎஃப்களைச் சேர்த்து வைப்பதால் ஒரு மார்க்கும் வராது.

காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கும் டைம்டேபிள் நைட் ஷிப்ட் வாரத்தில் நிற்காது. மணி பார்க்காமல், வேலையை ஒட்டியே படிப்பை வையுங்கள்: கம்பெனி பஸ்ஸில் இலக்கணம், தூங்கி எழுந்ததும் பத்து கணக்கு. தனிவட்டி, சதவீதம், விகிதம் எல்லாம் போட்டுப் போட்டுத்தான் கைக்கு வரும். தப்பான கணக்குகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, வார லீவில் விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள். லீவு நாளில் வரும் விசேஷங்களுக்கு உங்களுக்குப் பதில் அவர்கள் போய்வரட்டும்.