வெளிநாட்டில் கட்டடக்கலை படிக்க: கேள்வி பதில்

கேள்விகளை அனுப்பிய அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் கட்டடக்கலை படித்துத் திரும்பி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கேட்டவர்கள் அங்கே படித்தவர்களிடம் கேட்பதே முறை.

அண்ணா, எஸ்.பி.எம். முடித்ததும் நேரே இங்கிலாந்து போகலாமா? (படிவம் 5 மாணவி, பட்டர்வொர்த்)

எஸ்.பி.எம். மட்டும் போதாதம்மா. எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு), ஏ லெவல் அல்லது அடித்தளப் படிப்பு வேண்டும். அதன்பின் பொதுவாக மூன்று ஆண்டுப் பட்டம், ஓர் ஆண்டு அலுவலகப் பயிற்சி, இரண்டு ஆண்டு முதுகலை. என்னைக் கேட்டால், முதல் பட்டத்தை இங்கேயே முடித்துவிடு. பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகம் இருக்கிறது, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், ஸ்கூடாயில் யு.டி.எம். முதுகலைக்கு வெளியே போ. செலவு மிச்சமாவது ஒருபுறம் இருக்கட்டும். ஓர் ஆண்டாவது இங்கே அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்குத்தான் அங்கே எதைக் கற்க வேண்டும் என்பது தெரியும்.

மகன் வாங்கிவரும் பட்டம் இங்கே செல்லுமா? (ஒரு தந்தை, கிள்ளான்)

பல்கலைக்கழகத்தின் புகழை நம்பிப் பணம் கட்டாதீர்கள், ஐயா. மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாரியத்தின் பகுதி 1, பகுதி 2 தேர்வுகளை இங்கே எழுத வேண்டிவரும். இரண்டு பகுதிகளும் நிறைவேறினால் பட்டதாரிக் கட்டடக் கலைஞராகப் பதியலாம். பிறகு அலுவலக அனுபவம், அதன்மேல் பகுதி 3 தேர்வு. 1967ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டப்படி, அதையும் தாண்டிப் பதிவு பெற்றால்தான் தம் பெயரில் கட்டட வரைபடம் சமர்ப்பிக்கலாம்.

பினாங்கு வீடு ஒன்றை ஸ்டூடியோ வகுப்பில் வடிவமைக்கிறேன். தெற்கே பெரிய கண்ணாடி வைக்கச் சொல்கிறார் ஆசிரியர். சரியா? (மாணவர், மான்செஸ்டர், சொந்த ஊர் ஈப்போ)

அவருடைய ஊருக்குச் சரி, தம்பி. மான்செஸ்டர் 53 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான். டிசம்பர் பிற்பகுதியில் அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகை உயரம்தான் தேறும். அந்த வெயிலை வீட்டுக்குள் வா என்று அழைக்க வேண்டும்.

பினாங்கு 5 பாகையில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே. இரண்டு காலத்திலும் அது உயரத்தில் இருப்பதால் நல்ல இறவாரம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) தடுத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் அந்தப் பாச்சா பலிக்காது; காலை மாலை வெயில் தாழ்வாக வந்து இறவாரத்துக்கு அடியில் நுழைந்துவிடும். ஆகவே நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி வை. கிழக்கு மேற்கில் சன்னலைக் குறை. மாடிப்படி, குளியலறை, சாமான் அறைகளை அங்கே தள்ளு.

பினாங்கில் பிறந்து லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த கட்டடக் கலைஞர் கென் யாங், சுபாங் ஜெயாவில் கட்டிய மெனாரா மெசினியாகா என்ற அலுவலகக் கோபுரத்தில் இதைத்தான் செய்தார். மின்தூக்கி, படி, கழிப்பறைகளைக் கிழக்கே நிறுத்தி வெயிலைத் தடுத்தார். 1995இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளையும் பார். குறுகிய முகப்பு, ஆழமான வீடு, நடுவே காற்றும் வெளிச்சமும் இறங்கும் முற்றம், வாசலில் மழைக்கு ஒதுங்க ஐந்தடி நடைபாதை. பினாங்கின் சூரியப் பாதை வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் வாதாடு. விவரத்தோடு எதிர்வாதம் செய்யும் மாணவரை அங்கே பெரும்பாலும் மதிப்பார்கள். நம் பிள்ளைகள்தான் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா? (மாணவர், செந்தூல்)

கல்விப் பருவத்தில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பொதுவாக வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. ஸ்டூடியோ ஒப்படைப்பு நெருங்கினால் அதுவும் கைகூடாது. கட்டணத்துக்கு அந்தப் பணத்தை நம்பாதீர்கள்.

சேர்க்கைக்கு அனுப்பும் படைப்புத் தொகுப்பில் கணினிப் படங்கள் போதுமா? (பாலிடெக்னிக் மாணவி, பினாங்கு)

போதாதம்மா. பளபளக்கும் படத்தை எல்லாரும் அனுப்புகிறார்கள். உங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையை நாடாவால் அளந்து, கையால் வரைந்து, எங்கே புழுங்குகிறது, எங்கே காற்று வருகிறது என்று குறித்து அனுப்பு. அட்டையில் செய்த மாதிரி ஒன்றின் புகைப்படத்தையும் சேர்.

ஊர் திரும்புமுன் எதைப் படிக்க வேண்டும், அண்ணா? (முதுகலை மாணவர், லண்டன்)

1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள். படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, மிதிபலகையின் அகலம் 255க்குக் குறையக்கூடாது என்பது முதற்கொண்டு அதில் இருக்கிறது. என் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.