வீட்டில் கட்டும் பீட்டன்போல் விமானத்துக்கு எந்தத் துணி, எந்தப் பூச்சு முறை நல்லது?

கேள்வியில் நீங்கள் சொன்னதை வைத்தே பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் பீட்டன்போல் ஏர் கேம்பர் என்ற, மரச் சட்டகத்தின் மேல் துணி போர்த்தும் சிறு விமானத்தைக் கட்டுகிறீர்கள், சட்டகம் முடிந்துவிட்டது. வேலை நடப்பது வீட்டை ஒட்டிய கராஜில். துணி போர்த்துவது இதுதான் முதல் தடவை. துணி போர்த்தும் முறைகளில் பாலி-ஃபைபரா, ஸ்டீவர்ட்டா, ஓராடெக்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் தேர்வு பாலி-ஃபைபர். நடுத்தர எடைத் துணி, மேலே பாலி-டோன் நிறம். கராஜுக்குள் ஓயாமல் காற்று போய்வர வழி செய்ய முடியாவிட்டால் ஸ்டீவர்ட். நண்பர் ஒருவரின் ஏர் கேம்பருக்குத் துணி போர்த்தியபோது முழு வேலையிலும் கூட இருந்தேன். அதனால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

துணியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். செகோனைட், பாலி-ஃபைபர், சூப்பர்ஃப்ளைட் என்று எந்தப் பெயரில் விற்றாலும் எல்லாமே பாலியெஸ்டர்தான். பாலி-ஃபைபர் நடுத்தரத் துணி சதுர மீட்டருக்குச் சுமார் 92 கிராம், கனமானது 115 கிராம், மெல்லியது 60 கிராம். உங்கள் விமானத்துக்கு நடுத்தரம் போதும். தேர்வு என்று நாம் பேசுவது பசையையும் பூச்சையும்தான்.

பழைய பருத்தித் துணி, டோப் என்ற அந்தக்கால விமானப் பூச்சை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை எதையும் உறிஞ்சாது. முதல் பூச்சு நெசவின் இடைவெளிகளில் புகுந்து, இழைகளைச் சுற்றி வளைத்துப் பிடித்தால்தான் நிற்கும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பூச்சும் இந்த முதல் பூச்சை நம்பித்தான் இருக்கிறது. பறக்கும்போது சிறகின் மேல்பூச்சு தாள் தாளாக உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஆகவே பாலி-ஃபைபரின் அடிப்பூச்சான பாலி-பிரஷ்ஷின் முதல் கோட்டை ஸ்ப்ரே கன்னால் அடிக்காதீர்கள், பிரஷ்ஷால் தேயுங்கள். அது வெளிர்சிவப்பு நிறத்தில் வருவதால் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பாலி-ஃபைபரை உருவாக்கியவர் ரே ஸ்டிட்ஸ். வீட்டில் விமானம் கட்டுபவர்களின் சங்கமான இ.ஏ.ஏ.வின் முதல் சாப்டரை (கிளையை) கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கியவரும் அவரே. அப்படிக் கட்டுபவர்களின் கஷ்டம் தெரிந்தவர் என்பது அந்த முறையிலேயே தெரியும். அடிப்பூச்சிலிருந்து நிறம் வரை எல்லாம் வினைல். ஒரு கந்தலை எம்.இ.கே. என்ற கரைப்பானில் நனைத்துத் துடைத்தால் பூச்சு முழுவதும் கரைந்து வெறும் துணி வந்துவிடும். பத்து வருடம் கழித்து ஹாங்கர் கதவு இடித்துச் சிறகில் ஓட்டை விழுந்தாலும், கரைத்து, ஒட்டுப்போட்டு, திரும்பப் பூசி ஒரு வார இறுதியில் பறக்கத் தயாராகலாம். கண்ணாடி மாதிரி மின்னும் பாலியூரித்தேன் பூச்சில் இந்த வசதி இல்லை. அது ஒருமுறை இறுகினால் கரையாது. மணிக்கணக்கில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்க்கும்போது துணியும் காயப்படும். 1929-ல் மினசோட்டாவின் செர்ரி குரோவில் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினோடு பறந்த வடிவம் உங்கள் ஏர் கேம்பர். அதற்கு அந்த மினுமினுப்பு பொருந்துவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. பாலி-டோனின் அடங்கிய பளபளப்புதான் அழகு.

நைட்ரேட், பியூட்டிரேட் டோப் பூசச் சொல்லும் பெரியவர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அவர்கள் கைவேலை அருமையாக இருக்கும். ஆனாலும் முதல்முறைக்காரருக்கு நான் வேண்டாம் என்பேன். நைட்ரேட் டோப் பயங்கரமாகத் தீப்பிடிக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினால் வெள்ளை பூக்கும். பியூட்டிரேட் வருடக்கணக்கில் துணியை இழுத்துக்கொண்டே போகும், சிறகுக்கு வடிவம் தரும் மெல்லிய மரச் சட்டங்களான ரிப்களுக்கு அது நல்லதல்ல.

இனி கராஜ். இதை மிகவும் கவலையோடு எழுதுகிறேன். பாலி-ஃபைபர் வேலையில் கிளம்பும் எம்.இ.கே. ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய், மூலையில் இருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடரைத் தொட்டால் போதும், வீடே போய்விடும். ஹீட்டரை அணைக்கவோ கராஜ் கதவைத் திறந்துவைக்கவோ முடியாத சூழல் என்றால், வீட்டில் குழந்தைகள் இருந்தால், நான் ஸ்டீவர்ட் பக்கம் வந்துவிடுவேன். அதன் பசையும் பூச்சும் தண்ணீர் அடிப்படையிலானவை, எரியும் ஆவி இல்லை. ஆனால் தண்ணீர்ப் பூச்சுதானே என்று முகமூடி இல்லாமல் இறங்கிவிடாதீர்கள். மேல்கோட் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன். ஸ்ப்ரே செய்யும்போது வெளியிலிருந்து நல்ல காற்று தரும் சுவாசக் கருவி வேண்டும். ஸ்ப்ரே பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்த மேல்கோட் வழிந்து படுத்தும், பழைய பலகையில் அடித்துக் கை பழகிவிட்டு வாருங்கள்.

ஓராடெக்ஸ் ஜெர்மனித் தயாரிப்பு. நிறமும் பாதுகாப்பும் ஏற்கெனவே ஏற்றிய துணி. வெப்பத்தில் பிடிக்கும் பசையால் ஒட்டி, சுருக்கினால் வேலை முடிந்தது. பெயின்ட் கிடையாது, எடை குறைவு. விலைதான் கையைக் கடிக்கும். பட்ஜெட் இருந்தால் யோசிக்கலாம். கடை பெயின்டான லேட்டெக்ஸ் பூசியும் சிலர் பறக்கிறார்கள். வீட்டில் கட்டும் விமானங்கள் சேரும் எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் சட்டம் தடுக்காது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

எதைத் தேர்ந்தாலும் ஒரே கம்பெனியின் முறையை அதன் கையேடு சொல்லும் வரிசையிலேயே முடியுங்கள். ஒருவரின் பசை, இன்னொருவரின் பிரைமர், மூன்றாமவரின் நிறம் என்று கலந்தால் எங்கே விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளிப் பூச்சில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பாலியெஸ்டரைக் கொல்வது வெயிலின் புற ஊதாக் கதிர். பாலி-ஃபைபரின் வெள்ளிப் பூச்சான பாலி-ஸ்ப்ரேயில் இருக்கும் அலுமினியத் தூள்தான் அதைத் தடுக்கிறது. இருட்டிய பிறகு சிறகின் உள்ளே ஒரு விளக்கைப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னொரு கோட் தேவை.

பூச்சுக்கு முன், ஒட்டிய துணியைச் சூட்டில் சுருக்கி விறைப்பாக்கச் சாதாரண இஸ்திரிப் பெட்டி போதும். அதன் டயலை நம்பாமல் வெப்பமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு 300, கடைசியாக 350. கடைசிச் சூட்டைத் தவிர்த்தால் பின்னால் வெயிலில் துணி தளரும். 350-க்கு மேலே போனால் இழுவிசை திரும்ப வராமல் போய்விடும். ஹீட் கன் வேண்டவே வேண்டாம், எங்கே எவ்வளவு சூடு போகிறது என்று தெரியாது. ஒரே பக்கத்தை முழுதாக இழுத்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், ரடர் (வாலில் நிமிர்ந்து நிற்கும் திசை திருப்பி) மாதிரி மெல்லிய பாகம் முறுக்கிக்கொள்ளும். துணியை ரிப்போடு நூலால் கட்டும் ரிப் தையலையும் விட்டுவிடாதீர்கள். மேல்பக்கத் துணியைத் தூக்குவிசை ரிப்பிலிருந்து பிய்த்து இழுத்துக்கொண்டே இருக்கும், பசையை மட்டும் நம்பக் கூடாது.

போர்த்துவதற்கு முன் இ.ஏ.ஏ. டெக்னிக்கல் கவுன்சிலர் ஒருவரை அழைத்துச் சட்டகத்தைக் காட்டுங்கள். காசு வாங்க மாட்டார்கள். பிறகு ரடரில் தொடங்கி, வால் பாகங்கள், உடல், கடைசியில் சிறகு என்று போங்கள். ரடர் சரியாக வரவில்லை என்றால் சில கெஜம் துணிதான் நஷ்டம். வாலில் நிறத்தை மெல்லிசாக அடியுங்கள். எடை பின்னால் சாய்வது பீட்டன்போலின் பழைய தொல்லை, அதற்காகவே சிறகைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்துகிறார்கள். வாலில் அழகுக்காக அடிக்கும் கூடுதல் கோட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்.