சிவப்பணுவுக்குள் லித்தியம்: நுழைவதும் வெளியேறுவதும் (கேள்வி பதில்)

சிவப்பணுச் சவ்வை அயனிகள் கடக்கும் வேகத்தை அளப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. மனநிலைக் கோளாறுகளுக்கு மருந்தாகக் கொடுக்கும் லித்தியம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: லித்தியம் மிகச் சிறிய அயனிதானே? சவ்வு வழியாக நேராக நழுவிப் போய்விடாதா?

சிறியதாக இருப்பதுதான் அதற்குச் சிக்கலே. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு முழு நேர்மின்னூட்டம் இருப்பதால் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த நீர்ப் போர்வையோடு பார்த்தால் சோடியம், பொட்டாசியத்தைவிட அதுதான் பருமன். கொழுப்பால் ஆன சவ்வு இப்படிப்பட்டதை உள்ளே விடாது. லித்தியத்துக்கென்று தனிக் கதவும் கிடையாது. அதனால் மற்ற அயனிகளுக்காக இருக்கும் கதவுகளில்தான் நுழைய வேண்டும்.

கேள்வி: சார், லித்தியம் சவ்வைக் கடக்க ஐந்து வழிகள் என்று தேர்வுக்குப் படித்தேன். ஐந்தும் சமமா?

இல்லை. சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்ப்பை முதலில் தள்ளிவிடுங்கள். வெளியே சோடியமே இல்லாத கரைசலில் பொட்டாசியத்தின் இடத்தில் லித்தியம் உட்கார்ந்து உள்ளே போகும், இந்தப் பம்ப்பைத் தடுக்கும் உவாபைன் என்ற பொருளைப் போட்டால் அது நின்றுவிடும். ஆனால் இரத்தத்தில் சோடியம் நிறைய இருப்பதால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டே கிடக்கிறது. சோடியம்–பொட்டாசியம்–குளோரைடு மூன்றையும் சேர்த்துக் கடத்தும் புரதத்திலும் லித்தியம் ஏறும். அதன் பங்கும் சிறியது.

மீதி மூன்றுதான் முக்கியம். ஒன்று, சாதாரணக் கசிவு. இரண்டாவது, பேண்ட் 3 என்ற புரதம். ஒவ்வொரு சிவப்பணுவிலும் சுமார் பத்து லட்சம் இருக்கும். குளோரைடையும் பைகார்பனேட்டையும் மாற்றிக்கொள்வது அதன் வேலை, எதிர்மின் அயனிகளைத்தான் ஏற்றும். லித்தியமோ நேர்மின் அயனி. ஆனால் ஒரு லித்தியம் ஒரு கார்பனேட்டோடு ஒட்டிக்கொண்டால், மொத்தத்தில் ஒரு எதிர்மின்னூட்டம் மிஞ்சும். அந்த வேடத்தில் பேண்ட் 3 அதை உள்ளே விட்டுவிடுகிறது! டிஐடிஎஸ், டைபிரிடமோல் போன்ற வேதிப்பொருள்கள் இந்த வழியை அடைக்கும். மூன்றாவது, சோடியம்–லித்தியம் எதிர்க்கடத்தல்: ஒரு சோடியம் உள்ளே, ஒரு லித்தியம் வெளியே. இதற்கு உவாபைன் ஒரு பொருட்டே அல்ல, ஃபுளோரெட்டின்தான் தடுக்கும்.

கேள்வி: நான் சாப்பிடுவதே லித்தியம் கார்பனேட் மாத்திரை. அந்தக் கார்பனேட்தான் கூட்டிக்கொண்டு போகிறதா?

நல்ல கேள்வி, ஆனால் இல்லை. வயிற்று அமிலத்திலேயே அந்தக் கார்பனேட் கரியமில வாயுவாகிப் போய்விடும். சவ்வில் துணைக்கு வருவது இரத்தத்திலேயே லிட்டருக்கு 24 மில்லிமோல் அளவில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்து உண்டாகும் கார்பனேட். காரத்தன்மை ஏற ஏற அது பெருகும். பைகார்பனேட் மாறாமல் பிஹெச் ஒன்று கூடினால் கார்பனேட் பத்து மடங்காகும். அதனால்தான் பரிசோதனையில் லித்தியத்தைச் சீக்கிரம் உள்ளே ஏற்ற பைகார்பனேட் கரைசலைப் பயன்படுத்துவார்கள்.

கேள்வி: பிளாஸ்மாவைவிட (இரத்தத்தின் திரவப் பகுதி) சிவப்பணுவுக்குள் லித்தியம் குறைவு என்கிறார்கள். அப்படியென்றால் வெளியே தள்ள ஒரு பம்ப் இருக்க வேண்டாமா?

நீங்கள் கேட்டதுதான் இந்த விஷயத்தின் நடு முடிச்சு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிவப்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 10 மில்லிவோல்ட் எதிர்மின். கசிவும் பேண்ட் 3-உம் மட்டும் இருந்தால், அந்த மின்னழுத்தத்துக்கு ஏற்ப உள்ளே லித்தியம் வெளியே உள்ளதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கில் போய் நிற்கும். எதிர்க்கடத்தல் மட்டும் இருந்தால்? உள்ளே சோடியம் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோல், வெளியே 140. லித்தியமும் அதே விகிதத்துக்கு இறங்கி, 0.07 பக்கம் நிற்கும். உண்மையில் நோயாளிகளிடம் காண்பது பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரை, சிலரிடம் இன்னும் கூடுதல். இரண்டு பேர் கயிறு இழுக்கும்போது முடிச்சு நடுவில் எங்கோ நிற்கிற மாதிரிதான்.

தனிப் பம்ப் தேவையில்லை. சோடியம்–பொட்டாசியம் பம்ப் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து உள்ளே சோடியத்தைக் குறைவாக வைத்திருக்கிறது. அந்தச் சோடியம் உள்ளே சரிந்து வரும் விசையில் லித்தியம் வெளியேறுகிறது. அடுத்தவர் செலவில் பயணம். இந்த வழியை ஹாஸ், ஸ்கூலர், டோஸ்டெசன் மூவரும் 1975-இல் எழுதினார்கள். லித்தியம் சாப்பிடாத ஒருவரிடம் இந்தக் கடத்தி என்ன செய்துகொண்டிருக்கும் தெரியுமா? சோடியத்தைக் கொடுத்துச் சோடியத்தையே வாங்கிக்கொண்டிருக்கும். எனக்கு இன்றும் இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கேள்வி: இதை எப்படி அளப்பீர்கள்? கதிரியக்க லித்தியம் உண்டா?

பயன்படும்படி இல்லை. இருப்பதிலேயே நீண்ட ஆயுள் கொண்ட கதிரியக்க லித்தியமான லித்தியம்-8-இன் அரை ஆயுளே ஒரு நொடிக்கும் குறைவு, குழாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் செல்களில் லித்தியத்தை ஏற்றி, கழுவி, இரண்டு பங்காகப் பிரிப்போம். ஒன்று சோடியம் உள்ள கரைசலில், இன்னொன்று சோடியத்துக்குப் பதில் மக்னீசியம் உள்ளதில். இரண்டிலும் உவாபைன். குறிப்பிட்ட நேர இடைவெளிகளில் வெளிவந்த லித்தியத்தை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எதிர்க்கடத்தல்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

1980-இல் கனெஸ்ஸா குழுவினர் அளந்தபோது, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இந்த எதிர்க்கடத்தலின் உச்ச வேகம் லிட்டர் செல்லுக்கு மணிக்கு 0.55 மில்லிமோல், இல்லாதவர்களிடம் 0.24. பெரிய பரபரப்பு. அப்புறம் பார்த்தால் இரு குழுக்களின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, இரத்தக் கொழுப்பு மாறினாலும் வேகம் மாறியது. குடும்பத்தில் தொடரும் தன்மை இருப்பது உண்மை, ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையாக அது நிலைக்கவில்லை.

கேள்வி: நான் செவிலியர். லித்தியம் அளவுக்கு இரத்தம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குழாயை! இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசிய குழாயில் எடுத்தால், குழாயின் லித்தியமும் முடிவில் சேர்ந்து வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரியின் முடிவு நச்சளவைத் தொட்டது. ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். அரை நாள் குழம்பிய பிறகுதான் குழாயின் மூடி நிறத்தைப் பார்த்தேன். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுப்பதுதான் வழக்கம்.

கேள்வி: அறிக்கையில் 0.8 என்று இருக்கிறது. என் மூளைக்குள்ளும் அவ்வளவா? சிவப்பணுவை அளந்தால் தெரியுமா?

0.8 என்பது இரத்தத்தின் திரவப் பகுதியில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் லித்தியம் என்ற கணக்கு. சிவப்பணுவை மூளைக்கு ஜன்னலாகப் பார்க்கும் முயற்சி 1970-களில் நிறைய நடந்தது. ஆனால் நரம்புச் செல்லில் மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் வாய்க்கால்கள் உண்டு, லித்தியம் அவற்றில் சோடியம்போலவே புகுந்துவிடும். சிவப்பணுவில் அவை இல்லை. அதனால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: மாதக்கணக்கில் சாப்பிட்டால் சிவப்பணு பழகிக்கொள்ளுமா?

பழகுவதைவிட மாறுகிறது என்று சொல்லலாம். சிகிச்சை தொடரத் தொடர எதிர்க்கடத்தல் மெதுவாகும், உள்ளே லித்தியத்தின் விகிதம் ஏறும். கோலின் என்ற சத்துப்பொருளின் கடத்தலும் தடைபடுவதால் சிவப்பணுவுக்குள் கோலின் பல மடங்கு குவியும்.

கேள்வி: நச்சுத்தன்மைக்கு டயாலிசிஸ் செய்தபின் அளவு மறுபடி ஏறியது. இயந்திரக் கோளாறா?

இல்லை. டயாலிசிஸ் பிளாஸ்மாவைத்தான் சுத்தம் செய்கிறது. செல்களுக்குள் இருப்பது மெதுவாக வெளியே வர மணிக்கணக்கில் ஆகும், அப்போது அளவு திரும்ப ஏறும். டயாலிசிஸ் முடிந்த பிறகும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுப்பது அதற்காகத்தான்.