பழைய சீனத்தில் யார் முறைப்பெண்? கேள்வி பதில்

சீன வரலாறு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் பார்த்திருக்கும் வரனைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு மரபணு ஆலோசகர் இருக்கிறார்.

கேள்வி: பழைய சீனாவில் சொந்தத்தில் கட்டினார்களா?

கட்டினார்கள், ஆனால் முறை வேறு. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் மணம் கூடாது. 'ஒரே பெயர்க்காரர்கள் சேர்ந்தால் வம்சம் தழைக்காது' என்று ஸோ ஜுவான் என்ற பழைய வரலாற்று நூலிலேயே வருகிறது. 653-இல் வந்த தாங் வம்ச அரசின் சட்டத்தில் மீறியவருக்கு 2 வருடம் கட்டாய உழைப்பு. கன்பூசியஸ் காலத்தில் லூ நாட்டு மன்னர் ஜாவ், தன்னைப் போலவே 'ஜீ' பெயர் கொண்ட வூ நாட்டுப் பெண்ணை மணந்துவிட்டார். அந்த 'ஜீ' வெளியே தெரியாமல் இருக்க அவளை 'வூ மெங்ஸி' என்றே அழைத்தார்கள். ஆனாலும் ஊருக்கே தெரிந்துதான் இருந்தது.

கேள்வி: அப்படியென்றால் சித்தப்பா மகள் கூடாது, மாமன் மகள் கூடும். நம் முறைதானே?

பாதிதான். அங்கே சித்தி (அம்மாவின் தங்கை) மகளையும் கட்டலாம்.

கேள்வி: சித்தி மகள் தங்கை ஆயிற்றே! தவறாக எழுதிவிட்டீர்களா?

இல்லை. சித்தப்பா மகளுக்குச் சீனத்தில் 'தாங்' தங்கை என்று பெயர். தாங் என்றால் வீட்டுக் கூடம். அத்தை, மாமன், சித்தி மூவரின் மகளும் 'பியாவ்' தங்கை. பியாவ் என்றால் வெளி. கூடத்துக்குள் இருப்பவள் ஆகாது, வெளியே இருப்பவள் ஆகும்.

கேள்வி (அதே நண்பர்): ரத்தம் ஒன்றுதானே? நம் முறைதான் அறிவியல்படி சரி.

அதைத்தான் சொல்ல வருகிறேன், ரத்தம் ஒன்றுதான்! சித்தப்பா மகள், சித்தி மகள், மாமன் மகள், அத்தை மகள் யாராக இருந்தாலும் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. சீனர் எண்ணியது பெயரை. இருபது தலைமுறை தள்ளிய ஒரு 'வாங்' பெயர்க்காரர், இன்னொரு வாங்கைத் தொடக்கூடாது; பக்கத்து வீட்டுச் சித்தி மகளைத் தாராளமாகக் கட்டலாம். நம் முறையும் மாமன் மகளை அனுமதித்துவிட்டுச் சித்தி மகளைத் தடுக்கிறது. இதில் யார் அறிவியல்? உங்களுக்குச் சித்தி மகள் கூசுகிறது. அங்கே பல ஊர்களில் அத்தை மகளை எடுக்கத் தயங்கினார்கள், கட்டிக்கொடுத்த அத்தையோடு வெளியே போன எலும்பும் சதையும் வீடு திரும்புகிறதாம்.

கேள்வி: உண்மையில் ஆபத்து எவ்வளவு?

ஒரு ஒளிந்த நோய் மரபணு (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தரும்) 50 பேரில் ஒருவரிடம் இருக்கிறது என்று வையுங்கள். அந்நியர்கள் மணந்தால் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த நோய் வரும்; மாமன், அத்தை மக்கள் மணந்தால் ஏறக்குறைய ஏழு குழந்தைகளுக்கு. நோய் அரிதாக ஆக இந்த மடங்கு கூடும். மொத்தப் பிறவிக் குறைபாடு பொதுவாக 100-க்கு 2, 3. உறவு மணத்தில் அதற்கு மேல் 2, 3 கூடும்.

கேள்வி: எங்கள் தாத்தா பாட்டி சொந்தம்தான். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். மேலே உள்ள கணக்கைப் படியுங்கள். பெரும்பாலோர் நன்றாகத்தான் இருப்பார்கள்.

கேள்வி: ஹான் பேரரசர் வூ அத்தை மகளைக் கட்டிப் பிள்ளை இல்லாமல் போனது இதனால்தானா?

மலட்டுத்தன்மையை இதன் தலையில் கட்டாதீர்கள். பேரரசி சென் பிள்ளைக்காக வைத்தியருக்கு ஒன்பது கோடி காசு கொடுத்தும் பிறக்கவில்லை என்று வரலாறு சொல்கிறது. உறவு மணத்தில் பயப்பட வேண்டியது பிறக்கும் குழந்தையின் நோய்க்கு.

கேள்வி: அக்கா மகள்?

ஹான் பேரரசர் ஹூய் கட்டினார், அம்மா பிடிவாதத்தால். அதில் நாலில் ஒரு பங்கு பொது, ஆபத்தும் இரட்டிப்பு.

கேள்வி: என் மாமன் மகனுக்கு என்னை...

மரபணு ஆலோசகர். முதல் பத்தியிலேயே சொன்னேன்.

கேள்வி: தடை எப்போது வந்தது?

மிங் வம்ச அரசின் சட்டத்தில் பியாவ் தங்கையைக் கட்டினால் 80 அடி. வழக்கம் நிற்கவில்லை, 18-ஆம் நூற்றாண்டில் சிங் அரசு மக்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டது. 1950 சட்டமும் வழக்கப்படி விட்டது. 1980 சட்டம்தான் மூன்று தலைமுறைக்குள் கூடாது என்றது, 1981 ஜனவரி 1 முதல் அமல். இப்போது கூடம், வெளி இரண்டுமே ஆகாது. தூரத்து வாங்குகள் இருவர் கட்டிக்கொள்ளலாம்.